மாட்டுத்தோலைப் பட்டைநீரில் பதனிடுவது: பச்சைத்தோல் முதல் வாரறுக்கும் தோல் வரை

மாட்டுத்தோல் பெரும்பாலும் இரண்டு கட்டங்களில்தான் கெடுகிறது. ஒன்று, உரித்த முதல் சில மணி நேரம். மற்றொன்று, பட்டைநீரில் இறக்கிய முதல் வாரம். முதலாவதற்குக் காரணம் அழுகல், இரண்டாவதற்குக் காரணம் அவசரம். இடையில் வரும் வேலைகள் உடம்பை வருத்தும். ஆனால் அவற்றில் சற்று முன்பின் ஆனாலும் சரிசெய்துகொள்ளலாம். அதனால் இந்த இரண்டு கட்டங்களையும் இங்கே விரிவாகவே எழுதியிருக்கிறோம்.

இங்கே சொல்வது முடி களைந்து, மரப்பட்டையின் துவரில் ஊறவைத்துப் பதனிடும் பழைய முறை. வார், பை, உறை, செருப்பின் அடித்தோல் ஆகியவற்றுக்கு ஏற்ற, வெட்டினால் விளிம்பு பிசிறாத கெட்டித் தோல் இதில் கிடைக்கும். முடியோடு கூடிய விரிப்பு வேண்டுமென்றால் அது வேறு வேலை. அதற்குச் சுண்ணாம்பே போடக்கூடாது. படிகாரமும் உப்பும் கொண்டு செய்யும் முறை அதற்கானது.

எவ்வளவு நாள் ஆகும் என்பதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 4 மி.மீ. தடிப்புள்ள தோலுக்கு மூன்றிலிருந்து ஆறு மாதம். கன்றுத்தோலுக்கு ஆறேழு வாரம்.

இவ்வளவு காலம் ஏன்? தோலின் நடு அடுக்கு முழுவதும் கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். பச்சைத்தோலின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் போய்விட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தோல் விறைத்துவிடும். போகாமல் நின்றால் நுண்ணுயிர்கள் இழையைத் தின்றுவிடும். பட்டையிலுள்ள டானின், அதாவது துவர், இழைகளைப் பற்றிக்கொண்டால் இரண்டு தொல்லையும் தீர்ந்தது. காய்ந்தாலும் ஒட்டாது, நனைந்தாலும் எளிதில் அழுகாது. ஆனால் டானின் மூலக்கூறு பெரியது. நெருக்கமான பின்னலுக்குள் மெல்ல மெல்லத்தான் நுழையும். கீழே வரும் ஒவ்வொரு வேலையும் அந்தத் துவர் தோலின் நடுவரை போய்ச்சேர வழி திறப்பதற்காகவே செய்வது. எங்கே எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று முடிவெடுக்க இந்த ஒன்றை நினைவில் வைத்தால் போதும்.

தோலைத் தேர்ந்தெடுத்தல்

நோயால் திடீரென்று இறந்த மாட்டின் தோலைத் தொடவே வேண்டாம். ஆந்த்ராக்ஸ் கிருமியின் வித்துகள் தோலிலும் முடியிலும் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். உப்போ வெயிலோ அவற்றைக் கொல்லாது. இறைச்சிக்காக மருத்துவர் பார்த்து வெட்டிய விலங்கின் தோலே பாதுகாப்பானது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை இல்லாமல் பச்சைத்தோலைக் கையாளாதீர்கள்.

வளர்ந்த மாட்டின் முழுத்தோல் 20 முதல் 30 கிலோ இருக்கும். நனைந்தால் இன்னும் கனக்கும். ஒருவர் அதைத் தூக்கிப் புரட்டிச் சமாளிக்க முடியாது. முதுகெலும்புக் கோட்டின் வழியே நீளவாக்கில் இரண்டாக வெட்டி ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தலை, கால் நுனி, மடி, கந்தலான ஓரங்கள் ஆகியவற்றை வெட்டித் தள்ளிவிடலாம். அவை பட்டையைக் குடிக்குமே தவிரப் பயன் தராது. முதல் முறை செய்பவர்கள் கன்றுத்தோலில் தொடங்குவது நல்லது.

வாங்கும்போது சதைப்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். உரிக்கும்போது கத்தி ஆழமாகப் பட்ட கீறல் அப்போது கண்ணில் படாது. பதனிட்டு வளைக்கும்போது அந்த இடம்தான் கிழியும். முடியைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். கொத்தாகக் கையோடு வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தத் தோலில் மேல்முகம், அதாவது முடி முளைக்கும் பக்கத்தின் பரப்பு, பாழாகியிருக்கும்.

உப்பிடுதல்

உரித்த உடனே வேலையைத் தொடங்க முடியுமானால் உப்பே தேவையில்லை. நன்றாகக் கழுவி நேரே சுண்ணாம்புக்குப் போகலாம். இல்லையென்றால், உடற்சூடு ஆறியதும் உப்பிடவேண்டும். வெப்பமான நாளில் நாலைந்து மணி நேரத் தாமதமே முடி கழல வைத்துவிடும். தோலை மடித்தோ சுருட்டியோ சாக்குப்பையில் போட்டு வைப்பது எல்லாவற்றிலும் மோசம். உள்ளே சூடு அடங்காமல் நடுப்பகுதி முதலில் வேகும்.

தோலின் எடையில் 40 சதவீதம் உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். 12 கிலோ தோலுக்கு 5 கிலோ. பொடியுப்பைவிடச் சற்றே பருத்த கல்லுப்பு நல்லது. பொடியுப்பு சில இடங்களில் அப்பிக்கொண்டு கட்டியாகிவிடும், சில இடங்களில் பிடிக்காது. சாய்வான தரையில் சதைப்பக்கம் மேலே இருக்க விரித்து, ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சதைத்துண்டையும் முடிந்தவரை அரிந்தெடுத்துவிட்டு, உப்பை ஓரம் வரை தேய்த்துப் பரப்புங்கள். கொழுப்பு இருக்கும் இடத்தில் உப்பு இறங்காது. கழுத்து மடிப்பு, ஓரச்சுருள் இரண்டையும் விரல்விட்டு நிமிர்த்தித் தேய்க்கவேண்டும். சிவந்த நீர் வடிந்து ஓடும், ஓடவிடுங்கள். மறுநாள் ஊறிய உப்பை உதறிவிட்டு, முதலில் போட்டதில் பாதியளவு புதிய உப்பைத் தூவுங்கள். இப்படி வைத்த தோல் குளிர்ந்த நிழலில் சில வாரம் தாங்கும். உப்பில் சிவந்த புள்ளிகள் தோன்றினால் உப்பை விரும்பும் நுண்ணுயிர் பெருகுகிறது. அதற்குமேல் காத்திராமல் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

ஊறவைத்தல்

உப்பிட்ட தோலை முதலில் ஓடும் நீரில் அலசி, பிறகு பெரிய தொட்டியில் முழுவதும் மூழ்க ஊறப்போடுங்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குப் பின் ஒருமுறையும், அதன்பின் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையும் நீரை மாற்றுங்கள். ஒரு நாளில் தோல் உயிரோடு இருந்தபோது இருந்த மென்மைக்குத் திரும்பவேண்டும். மடித்தால் விறைப்பு தெரியக்கூடாது. வெயிலில் காய்ந்த தோலுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அப்போதும் நீரை மாற்றிக்கொண்டே இருங்கள், நாற்றம் வரும்வரை விடாதீர்கள். உள்ளே காய்ந்த இடம் ஒன்று இருந்தால்கூட அங்கே சுண்ணாம்பும் இறங்காது, துவரும் இறங்காது.

பாத்திரத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறோம். 150 முதல் 200 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் பீப்பாய் அல்லது மரத்தொட்டி போதும். இரும்பு கூடாது. டானினும் இரும்பும் சேர்ந்தால் கருமை பிறக்கும். பழைய எழுதுமை செய்ததே இந்தச் சேர்க்கையால்தான். துருப்பிடித்த ஓர் ஆணி, வாளியின் கைப்பிடி, தேய்ந்த கத்தியின் துகள் எதுவானாலும் தோலில் நீலக்கருப்புக் கறை விழும். சுண்ணாம்பு இருக்கும் கட்டத்தில் அலுமினியமும் கூடாது, சுண்ணாம்பு அதை அரித்துவிடும்.

சுண்ணாம்பு போடுதல்

சுண்ணாம்பு மூன்று வேலை செய்கிறது. முடியின் வேரைத் தளர்த்துகிறது, கொழுப்பைக் கொஞ்சம் சோப்பாக்குகிறது, இழைக்கட்டுகளைப் பிரித்து உப்பவைக்கிறது. மூன்றாவதுதான் பதனிடுதலுக்கு முக்கியம்.

நீர்த்த சுண்ணாம்பையே வாங்குங்கள். சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நீர்த்த சுண்ணாம்பும் தோலை அரிக்கக்கூடியதுதான். முழங்கை வரை நீண்ட கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் கலக்காதீர்கள்.

100 லிட்டர் தண்ணீருக்கு 3 கிலோ நீர்த்த சுண்ணாம்பு. அதில் பெரும்பகுதி கரையாது. ஒரு லிட்டர் நீரில் 2 கிராமுக்கும் குறைவாகத்தான் கரையும். மீதி அடியில் படிந்து, கரைந்தது செலவாகச் செலவாக ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். நீரின் காரத்தன்மை 12.5 பிஎச் அளவைத் தாண்டாமல் தானே ஒரே நிலையில் நிற்பதற்கு இதுதான் காரணம். சாம்பல்நீரில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதனால்தான் சுண்ணாம்பை விரும்புகிறோம்.

தோலை மடிப்பில்லாமல் இறக்கி, நாளுக்கு மூன்று நான்கு முறை தோலை மேலே இழுத்து, அடியில் படிந்ததைக் கலக்கி, மீண்டும் இறக்குங்கள். நீருக்கு வெளியே ஒரு மூலைகூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. காற்றிலுள்ள கரியமில வாயு பட்டால் சுண்ணாம்பு தோலின்மேல் கல்லாக மாறி ஒட்டிக்கொள்ளும். பின்னால் அந்த இடம் சொரசொரப்பாகி, நிறமும் திட்டுத்திட்டாகப் பிடிக்கும்.

வெப்பமான காலத்தில் 5 முதல் 7 நாள், குளிரில் 10 முதல் 14 நாள். நாள்கணக்கைவிட விரலை நம்புங்கள். கட்டைவிரலால் தேய்த்தால் முடி வேரோடு வழுக்கிக்கொண்டு வரவேண்டும், கழுத்திலும்கூட. அதற்குமேல் வைத்தால் இழை கரைந்து, தோல் தொளதொளவென்று ஆகிவிடும், வயிற்றுப்பகுதிதான் முதலில் கெடும். பழைய சுண்ணாம்புநீரை மறுபடி பயன்படுத்தினால் முடி விரைவில் கழலும். அதில் பெருகியிருக்கும் நுண்ணுயிர்கள் மேல்முகத்தையும் தளர்த்திவிடும் என்பதால் அதைக் கொஞ்சமாகப் புதிய நீரில் கலந்துகொள்வதே சரி. ஆலைகளில் வேகத்துக்காகச் சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். வீட்டில் வேண்டாம். அது அமிலத்தோடு சேர்ந்தால் உயிரைக் கொல்லும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளிவரும், அடுத்த கட்டத்தில் நாம் அமிலத்தைத்தான் பயன்படுத்தப் போகிறோம்.

முடி களைதல், சதை நீக்குதல்

இடுப்பளவு உயரத்தில் சாய்த்து நிறுத்திய, வழுவழுப்பான, வளைவான மரக்கட்டை ஒன்று வேண்டும். தோலை அதன்மேல் முடிப்பக்கம் மேலாகப் போட்டு, வயிற்றால் மேல்விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இருபுறமும் கைப்பிடியுள்ள மழுங்கிய கத்தியால் முடி சாயும் திசைக்கு எதிராகத் தள்ளுங்கள். கட்டையில் ஒரு சிறு மேடு இருந்தாலும் அந்த இடத்தில் தோல் வெட்டுப்படும்.

முடி போனபின் மேல்முகம் சுத்தமாகத் தெரியும். ஆனால் அழுத்திச் சீவினால் குழகுழவென்று சாம்பல்நிறக் கசடு வரும். முடியின் வேர், நிறமி, சோப்பான கொழுப்பு எல்லாம் கலந்தது அது. தெளிந்த நீர் வரும்வரை இரண்டு மூன்று முறை சீவி எடுங்கள். இதை அலட்சியமாக விட்டால் பதனிட்ட தோல் கரும்புள்ளியோடு இருக்கும்.

பிறகு புரட்டிப்போட்டு, கூரான கத்தியால் சதை, கொழுப்பு, சவ்வு அனைத்தையும் நீக்குங்கள். சுண்ணாம்பில் உப்பிய தோல் கெட்டியாக இருப்பதால் இப்போது சவ்வு எளிதாக வழிக்கப்படும். வெள்ளையான, சீரான பரப்பு தெரியும்வரை எடுக்கவேண்டும். சவ்வு தங்கிய இடத்தில் ஒரு பக்கத்திலிருந்து துவர் நுழையாது. இந்த நிலையில் தோலை நிறுத்துப் பாருங்கள். இனி வரும் அளவுகள் எல்லாம் இந்த எடையை வைத்துத்தான். கீழே 10 கிலோ என்று எடுத்துக்கொண்டு சொல்கிறோம்.

சுண்ணாம்பை வெளியேற்றுதல்

சுண்ணாம்பு மிஞ்சிய தோல் டானினை மேற்பரப்பிலேயே நிறுத்திக் கருக்கச்செய்துவிடும். முதலில் சுத்தநீரில் மூன்று முறை, ஒவ்வொன்றும் நாலைந்து மணி நேரம், ஊறவைத்து மாற்றுங்கள். மழைநீர் இருந்தால் மிக நல்லது.

அடுத்து 100 லிட்டர் நீரில் 5 சதவீத வினிகர் இரண்டரை லிட்டர். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் ஊற்றாமல் நான்காகப் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பங்காகச் சேருங்கள். ஒரேயடியாக ஊற்றினால் தோல் சுண்ணாம்பின் உப்பலை விட்டு அமிலத்தின் உப்பலுக்குப் போய்விடும், மேல்முகம் சுருங்கிக்கொள்ளும். ஒரு நாள் அப்படியே வைத்து அவ்வப்போது புரட்டுங்கள். தோல் உப்பல் வடிந்து, கட்டைவிரலால் அழுத்தினால் பதிவு சற்று நேரம் நிற்கும். அதுவே அடையாளம். உறுதியாகத் தெரிய, தடித்த இடத்தில் ஒரு துண்டை வெட்டி அதன் குறுக்கில் பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டிக் கரைசலைச் சொட்டு விடுங்கள். இளஞ்சிவப்பு வந்தால் அங்கே சுண்ணாம்பு இருக்கிறது. அடித்தோலுக்கு நடுவில் மெல்லிய சிவப்புக் கோடு இருந்தால் பாதகமில்லை. பைக்கும் வாருக்கும் நிறமே வரக்கூடாது.

மென்மையான தோல் வேண்டுவோர் வினிகருக்குப் பதில் தவிட்டுநீர் வைக்கலாம். 100 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 1 கிலோ கோதுமைத் தவிடு. புளிக்கும்போது லாக்டிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் உண்டாகிச் சுண்ணாம்பைக் கரைக்கும். வாயுக்குமிழ் தோலை மேலே தூக்கும், அழுத்தி இறக்கிக்கொண்டே இருங்கள். 12 மணி நேரத்துக்குப்பின் மணிக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். மேல்முகத்தில் ஊசிக்குத்துப்போல் குழி தெரிந்தால் உடனே எடுத்துக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். பழங்காலத்தில் இதே கட்டத்தில் புறா எச்சமும் நாயின் மலமும் பயன்பட்டன. அவற்றிலுள்ள நொதிகள்தான் தோலை மென்மையாக்கின. 1907 வாக்கில் ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ ரோம் கணைய நொதியைக் கொண்டு அதே வேலையைச் செய்துகாட்டிய பிறகு மலம் தேவைப்படாமல் போயிற்று. வீட்டில் அதை முயலவேண்டியதே இல்லை.

பட்டைநீர் தயாரித்தல்

எந்த மரப்பட்டை என்பது உங்களுக்கு எது கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆவாரம்பட்டையில் ஏறக்குறைய 18 சதவீதம் டானின் இருக்கும். கருவேலம்பட்டையில் 12 முதல் 20 வரை. ஓக் பட்டையில் 10 அளவில். வாட்டில் என்ற வேல மர வகையின் பட்டையில் 30-க்கு மேலும் இருக்கும். கடுக்காய்க் கொட்டையை நீக்கிய தோட்டில் 30 சதவீதம் அளவுக்கு உண்டு.

இவற்றின் குணமும் வேறு. ஆவாரை, வாட்டில் போன்றவை வேகமாக நுழைந்து கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் வெளிச்சம் பட்டால் தோல் சிவந்துகொண்டே போகும். கடுக்காய் மெதுவாகப் பிடிக்கும், வெளிர்நிறம் தரும், வெளிச்சத்திலும் அதிகம் மாறாது. ஆவாரையில் பதனிட்டதைக் கடைசியில் கடுக்காயில் முடிப்பது இந்தக் காரணத்தால்தான். இரண்டையும் சேர்த்துச் செய்வதையே பரிந்துரைக்கிறோம்.

10 கிலோ தோலுக்கு 18 சதவீத டானினுள்ள பட்டை 20 கிலோ தேவைப்படும். கணக்குப்படி இதைவிடக் குறைவாகவே போதும். ஆனால் பட்டையிலிருந்து எல்லாத் துவரும் இறங்காது, இறங்கியதில் ஒரு பங்கு கடைசிவரை நீரிலேயே தங்கும். ஓக் பட்டையென்றால் 35 கிலோவுக்குக் குறையாமல் சேகரியுங்கள். பட்டையை மழை படாமல் உலர்த்தி, விரல்நகம் அளவுத் துண்டுகளாகவோ கரடுமுரடான தூளாகவோ இடித்துக்கொள்ளுங்கள். மாவாக அரைத்தால் சேறாகி வடியாது.

கொதிக்கவைக்காதீர்கள். 60 முதல் 70 டிகிரிச் சூட்டுநீரை ஊற்றி இரண்டு நாள் மூடிவைத்தால் போதும். கொதித்தால் டானினில் ஒரு பகுதி கரையாத செந்நிறக் கசடாக மாறி வீணாகும், தோலும் இருண்டுவிடும். வடித்த சக்கையில் மறுபடி சூட்டுநீர் ஊற்றி இரண்டாவது சாறு எடுங்கள். அடுத்த முறை பட்டை ஊறவைக்க இந்த இரண்டாவது சாற்றையே பயன்படுத்தினால் துவர் வீணாகாது. கடின நீரில் உள்ள சுண்ணாம்பு உப்புகளும் டானினைப் பிடித்துப் படியவைத்துவிடும். இங்கேயும் மழைநீர்தான் முதல் தேர்வு.

சாறு நன்றாக ஆறியபிறகே தோலை இறக்கவேண்டும். பதனிடாத தோல் 60 டிகிரியை நெருங்கினால் சுருங்கிப் பசையாகிவிடும், மீட்கவே முடியாது. 30 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும்.

முதல் வாரம்

பட்டைநீர் மெலிதாகத்தான் தொடங்கவேண்டும். முதல் நாளிலேயே கெட்டியான சாற்றில் போட்டால் மேற்பரப்பு ஒரே நாளில் பதப்பட்டு இறுகிக்கொள்ளும். இறுகிய அந்த அடுக்கு பின்னால் வரும் டானினுக்குக் கதவை அடைத்துவிடும். வெளியே அழகான பழுப்பு நிறம், உள்ளே பச்சைத்தோல். எத்தனை மாதம் வைத்தாலும் அந்த நடுப்பகுதி பதப்படாது. மேல்முகமும் சுருக்கம் விழுந்து அப்படியே நின்றுவிடும். வீட்டில் பதனிட்ட தோல் வளைத்தால் வெடிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

5 கிலோ பட்டையிலிருந்து 70 லிட்டர் சாறு எடுத்துக்கொள்ளுங்கள். நீரடர்த்திமானி இருந்தால் 1.005 அளவு காட்டவேண்டும். முன்பு ஒரு தோல் ஊறிய பழைய பட்டைநீர் கையில் இருந்தால் அதுதான் தொடக்கத்துக்கு மிகச் சிறந்தது. அதில் டானின் குறைவு, மற்றக் கரைபொருள்கள் அதிகம், அதனால் அது தோலை மென்மையாகப் பிடிக்கும். பிஎச் தாளில் 5 முதல் 5.5 வரை இருக்கட்டும். 6-க்கு மேல் இருந்தால் 200 மில்லி வினிகர் சேர்த்துக் கலக்கி மறுபடி பாருங்கள்.

மரக்கோலில் தோலின் முதுகு விளிம்பைப் பருத்திக் கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள். தோல் எங்கும் மடியக்கூடாது, பீப்பாய்ச் சுவரில் ஒட்டக்கூடாது. ஒட்டிய இடம் வெளிறிப்போகும். முதல் இரண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒருமுறை தூக்கி இறக்குங்கள். அன்று முழுவதும் மணிக்கு ஒருமுறை. அடுத்த ஆறு நாளும் நாளுக்கு நாலைந்து முறை. ஒரு நாளில் மேல்முகம் முழுவதும் ஒரே சீராக நிறம் பிடித்திருக்கவேண்டும். திட்டுத்திட்டாகப் பிடித்தால் அசைத்தது போதாது, அல்லது சுண்ணாம்பு மிச்சமிருக்கிறது. சுருக்கம் விழத் தொடங்கினால் தயங்காமல் 20 லிட்டர் சாற்றை எடுத்துவிட்டு நல்ல நீர் ஊற்றுங்கள்.

படிப்படியாக வலுவேற்றுதல்

எட்டாம் நாள் 15 லிட்டர் சாற்றை வெளியே எடுத்து, 3 கிலோ பட்டையில் எடுத்த 15 லிட்டர் கெட்டிச்சாற்றை ஊற்றுங்கள். ஊற்றும்போது தோலை வெளியே எடுத்துவிட்டுக் கலக்கியபின் இறக்கவேண்டும். பத்து நாளுக்கு ஒருமுறை இதேபோல் மேலும் இரண்டு முறை. அடர்த்தி 1.010-ஐக் கடந்து 1.015 நோக்கி ஏறும். பிஎச் தானாகவே 4 பக்கம் இறங்கும், பட்டையிலுள்ள சர்க்கரை புளித்து அமிலமாவதால் இப்படி நடக்கிறது. வாட்டில் சாறு காய்ச்சி உலர்த்திய தூள் கிடைத்தால் பட்டைக்குப் பதில் அதைப் பயன்படுத்தலாம். தொடக்கத்தில் அரைக் கிலோ, பிறகு வாரம் அரைக் கிலோ, மொத்தம் மூன்றரைக் கிலோ.

நீரின்மேல் வெண்ணிறப் பூஞ்சைப் படலம் வரும். அது தோலைத் தொடாமல் வழித்தெறிந்துவிட்டுக் கலக்கினால் ஒன்றும் ஆகாது. புளித்த வாடையும் இயல்பே. அழுகல் நாற்றமும் கையில் வழவழப்பும் தெரிந்தால் டானின் தீர்ந்துவிட்டது. உடனே தோலை அலசி, புதிய சாற்றில் போடுங்கள்.

ஐந்து வாரத்துக்குப்பின் புட்டத்தருகே ஓரத்தில் சிறு துண்டை வெட்டிக் குறுக்குவெட்டைப் பாருங்கள். அங்கேதான் தோல் தடிமன், வயிற்றோரத்தில் சோதித்தால் ஏமாந்துபோவீர்கள். நடுவில் வெளிறிய கோடு இருந்தால் அதன் அகலத்தைக் குறித்துவைத்து இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். கோடு குறுகிக்கொண்டே வந்தால் வேலை சரியாக நடக்கிறது. குறுகாமல் நின்றுவிட்டால் சாறு தீர்ந்திருக்கலாம், அல்லது மேற்பரப்பு இறுகியிருக்கலாம். முதலாவதற்குப் புதிய சாறு போதும். இரண்டாவதானால் தோலை இரண்டு நாள் வெறும் நீரில் ஊறவைத்து, கட்டையில் போட்டுச் சதைப்பக்கத்தை மெல்லச் சீவிவிட்டு, மெலிந்த சாற்றிலிருந்து மறுபடி தொடங்கிப் பார்க்கலாம். ஓரளவு மீளும்.

நிறம் நடுவை எட்டியதும் முடிந்துவிட்டது என்று எடுத்துவிடாதீர்கள். நிறம் முன்னே ஓடும், துவர் பின்னேதான் பிடிக்கும். மெல்லிய ஒரு சீவலை வினிகரில் கால் மணி நேரம் போட்டுப் பாருங்கள். பதப்படாத பகுதி கண்ணாடிபோல் உப்பித் தெளிவாகத் தெரியும். கொதிநீரில் போட்டுச் சோதிக்கும் வழக்கம் குரோமிய உப்பில் பதனிட்ட தோலுக்கானது. பட்டையில் பதனிட்ட தோல் நன்றாகப் பதப்பட்டிருந்தாலும் கொதிநீரில் சுருங்கத்தான் செய்யும்.

கடைசிக் கட்டமாக, தொங்கவிட்டதை இறக்கி, பீப்பாயின் அடியில் பட்டைத்தூள் பரப்பி, அதன்மேல் தோலை மடிப்புக்கிடையே தூள் இருக்கும்படி தளர்வாக அடுக்கி, அதே சாற்றை மூழ்க ஊற்றுங்கள். மீதியிருக்கும் 6 கிலோ பட்டையும் 1 கிலோ கடுக்காய்த்தூளும் இதற்குத்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்து வேறுவிதமாக மடித்து அடுக்கவேண்டும். பைக்கு ஒரு மாதம், அடித்தோலுக்கு மூன்று மாதம்.

கழுவி, எண்ணெயிட்டு, உலர்த்துதல்

எடுத்த தோலை ஓர் இரவு நல்ல நீரில் ஊறவைத்து அலசுங்கள். ஒட்டாமல் மேலே நிற்கும் டானினைக் கழுவாவிட்டால் உலரும்போது அது மேல்முகத்துக்கு வந்து கருத்து, அந்த அடுக்கு நொறுங்கும். நிழலில் தொங்கவிட்டு நீர் சொட்டுவது நின்றதும், சமமான பலகையில் முடிப்பக்கம் மேலாக விரித்து, விளிம்பு மழுங்கிய பித்தளை, கல் அல்லது கெட்டிமரத் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்தித் தள்ளுங்கள். நீர் பிதுங்கும், சுருக்கம் நீங்கும், தோல் சற்று விரியும். தோலின் பரப்பு எவ்வளவு அழகாக அமையும் என்பதை இந்த ஒரு வேலையே தீர்மானிக்கிறது. கை ஓயும்வரை செய்யத்தக்கது.

எண்ணெயை ஈரமாக இருக்கும்போதே தடவவேண்டும். நீர் வெளியேறும் இடத்தில் எண்ணெய் மெல்ல உள்ளே போய் இழைகளை ஒட்டவிடாமல் காக்கும். உலர்ந்தபின் தடவினால் மேலேயே ஊறித் திட்டாகும். முடிப்பக்கம் மெல்லியதாக மாட்டுக்கால் எண்ணெய், மீன் எண்ணெய், புங்க எண்ணெய் இவற்றில் ஒன்று. சதைப்பக்கம் உருக்கிய மாட்டுக்கொழுப்பும் எண்ணெயும் சம அளவு சேர்த்துக் கைச்சூட்டில் தடவுங்கள். வாருக்கும் பைக்கும் ஈரத்தோலின் எடையில் 10 சதவீதம், அடித்தோலுக்கு 2 சதவீதம் போதும். ஆளிவிதை எண்ணெய் கூடாது. அது உலர்ந்து இறுகும் எண்ணெய், தோலையும் இறுக்கிவிடும்.

நிழலில், காற்றோட்டமான இடத்தில், மெதுவாக உலரட்டும். வெயிலும் அனலும் பட்டால் ஓரம் விறைத்துக் கருகும். பாதி உலர்ந்த நிலையில், மடித்தால் வெளிறிய கோடு தோன்றும் பதத்தில், மரக்கட்டையின் மழுங்கிய விளிம்பில் முன்னும் பின்னும் இழுத்து நெகிழ்த்துங்கள். அடித்தோலுக்கு இது வேண்டாம். அதை நெகிழ்த்துவதற்குப் பதில் சுத்தியலால் தட்டி இறுக்குவார்கள். முழுவதும் உலர ஒரு வாரம் ஆகும். இரும்புக்கறை விழுந்திருந்தால் எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியால் ஒற்றியெடுத்து, பிறகு நீரால் துடையுங்கள்.

கழிவை எங்கே விடுவது என்பதை வேலை தொடங்குமுன்னே முடிவுசெய்யுங்கள். உப்புநீரை மண்ணில் ஊற்றினால் அங்கே பயிர் வளராது. சுண்ணாம்புச் சேற்றை அமிலத்தன்மையுள்ள மண்ணில் மெல்லியதாகப் பரப்பலாம். முடியும் பட்டைச்சக்கையும் உரக்குழிக்குப் போகலாம். தீர்ந்த பட்டைநீரைக் குளத்திலோ ஓடையிலோ விடவே கூடாது. அது நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சி மீனைக் கொன்றுவிடும். அதில் கொஞ்சத்தை மூடிவையுங்கள், அடுத்த தோலின் முதல் வாரத்துக்கு அதுதான் வேண்டும்.